ஒரு பைன்ற் இரத்தமும் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவரும்

“டொக்டர், ஆள் சரியாக் களைச்சுப்போனார். ஒரு பைன்ற் இரத்தம் ஏத்திவிடுங்கோவன்.”

சிறுநீரக நோயாளரின் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. சிறுநீரகம் பழுதடைந்தால் குருதிச்சோகையும் களைப்பும் வரும். கேட்பது நியாயம்தான். ஆனாலும் நான் உடனே சம்மதிப்பதில்லை. ஏன்?

இரத்தம் ஏற்றுமுன் ஏ, பி, ஓ வகையையும் றீசஸ் வகையையும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் இரத்தப் பையில் செங்குழியங்களோடு கொடையாளியின் வெண்குழியங்களும் ஓரளவு இருக்கும். அவற்றின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் உண்டு. இவை ஆளுக்காள் வேறுபடும். ‘இது என்னுடையது, இது அந்நியம்’ என்று எமது நிர்ப்பீடனத் தொகுதி பிரித்தறிவது இவற்றைக் கொண்டுதான். வழமையான குருதிப் பொருத்தத்தில் இவை பார்க்கப்படுவதில்லை.

அந்நியப் புரதத்தைக் கண்ட உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கக்கூடும். ஏற்றிய இரத்தம் சில மாதங்களில் அழிந்துவிடும். அதைப் பற்றிய நினைவு ஆண்டுக்கணக்கில் நிலைக்கலாம். பின்னர் அதே புரதமுள்ள சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடல் அதைத் தாக்கும். சகோதரரே தர முன்வந்தாலும் பரிசோதனையில் ‘பொருந்தாது’ என்று வரலாம்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தந்தைவழிப் புரதங்களைக் கர்ப்பகாலத்திலேயே அவர்களது உடல் கண்டிருக்கும். சிறுநீரகம் தரவிருக்கும் கணவரோ பிள்ளையோ அதற்குமுன் இரத்தமும் கொடுப்பது நல்லதல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாற்றுச் சிகிச்சைக்கு முன் இரத்தம் ஏற்றியவர்களில் பொருத்திய சிறுநீரகம் கூடுதல் காலம் நிலைத்ததை ஒபெல்ஸ், தெரசாக்கி குழுவினர் 1973இல் காட்டினர். அதனால் வேண்டுமென்றே இரத்தம் ஏற்றிய காலமும் இருந்தது. 1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின் அந்த வழக்கம் மறைந்தது.

இன்று குருதிச்சோகைக்கு இரும்புச்சத்தும் எரித்ரோபொயிற்றின் ஊசியும் உள்ளன. இரத்தம் ஏற்றியே ஆகவேண்டுமெனில் வெண்குழியம் வடிகட்டிய இரத்தம் ஆபத்தைக் குறைக்கக்கூடும், முற்றாக நீக்காது.

விபத்திலோ பிரசவத்திலோ கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டால் ஒரு கணமும் தயங்கக்கூடாது. அங்கே இரத்தம்தான் உயிர். மற்றவேளைகளில், ‘இது இப்போது அவசியமா?’ என்று வைத்தியரிடம் கேளுங்கள். முன்பு எப்போது இரத்தம் ஏற்றினீர்கள், எத்தனை முறை கர்ப்பமடைந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கலைந்த கர்ப்பத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.