மனசுக்கு மாத்திரை: இறங்கவும் படி வேண்டும்!



சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். பிரஷருக்குச் சாப்பிடுகிறோம். தைராய்டுக்குச் சாப்பிடுகிறோம். "எனக்கு அம்பது பவர், உங்களுக்கு எவ்வளவு?" என்று கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து சத்தமாகவே பேசிக்கொள்கிறோம். ஆனால் மனசுக்குச் சாப்பிடும் மாத்திரை மட்டும் பல வீடுகளில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. யாராவது பார்த்துவிட்டால் "நரம்புத் தளர்ச்சிக்கு" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஒளித்துச் சாப்பிடும் மாத்திரையை ஒளித்தே நிறுத்தவும் முடியும். அதில்தான் ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருடம் ஆன இல்லத்தரசி. 2017 ஐப்பசியில் எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் கிடையாது. கோலமாவை எடுத்துக்கொண்டு வாசலில் குனிந்தால், முதல் புள்ளியை எங்கே வைப்பது என்று புரியாமல் நிற்பேன். சாப்பாட்டில் ருசி இல்லை. குக்கர் விசில் அடித்தால் அழுகை வரும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. "உனக்கு என்ன குறைச்சல்? வீடு இருக்கு, புள்ளைங்க நல்லா படிக்குது, புருஷன் குடிக்கறதில்ல" என்று கேட்காத உறவே இல்லை.

2004 ஜூலை 16-ம் தேதி பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. துக்கம் என்றால் என்ன என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, காரணமே இல்லாமல் ஒருத்தி அழுதால் 'இதெல்லாம் ஒரு கஷ்டமா' என்று தோன்றிவிடுகிறது. துக்கத்துக்குக் காரணம் உண்டு. மனச்சோர்வு நோய் காரணத்தோடும் வரும், காரணம் இல்லாமலும் வரும். எல்லாம் இருக்கிற வீட்டுக்கும் சர்க்கரை நோய் வருகிற மாதிரிதான்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் என் கணவர் அழைத்துப் போனார். பராக்ஸிட்டின் என்ற மாத்திரையை எழுதினார்கள். "உடனே தெரியாதும்மா, ரெண்டு மூணு வாரம் பொறுத்துக்குங்க" என்றார்கள். அப்படியே நாலாவது வாரத்தில் ஒருநாள் காபி ருசித்தது. அந்த ருசியை இன்னும் மறக்கவில்லை.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 24 நள்ளிரவோடு ஊரடங்கு வந்ததே, அந்த வாரம் என் மாத்திரை தீர்ந்துபோனது. வழக்கமாக வாங்கும் கடையில் சரக்கு வரவில்லை. தஞ்சாவூருக்கு பஸ் இல்லை. இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் 'ஜிர்'ரென்று கரண்ட் ஷாக் அடித்த மாதிரி இருந்தது. எழுந்தால் தலைசுற்றல், குமட்டல். ராத்திரி பயங்கரக் கனவுகள். சின்ன விஷயத்துக்கெல்லாம் வெடுக்கென்று கோபம் வந்தது. மாமியாரோ, "கொரோனாவா இருக்குமோ?" என்று பயந்தார். ஓரகத்தி, "அக்காவுக்குப் பழையபடி ஆரம்பிச்சிடுச்சு" என்றாள்.

என் கணவர் டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். அவர்கள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது நோய் திரும்பினது இல்ல. மருந்து திடீர்னு நின்னதுக்கு உடம்பு காட்டுற எதிர்ப்பு" என்றார்கள். டாக்டர்கள் போனிலேயே பார்த்து மருந்து எழுதலாம் என்ற விதிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-ம் தேதிதான் வெளியிட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் சீட்டு வந்தது. வேறொரு கடையில் மருந்தும் கிடைத்தது. சாப்பிட்ட இரண்டே நாளில் ஷாக்கும் நின்றது, தலைசுற்றலும் நின்றது. நோய் திரும்பியிருந்தால் இரண்டு நாளில் சரியாகியிருக்காது.

இதை நான் நம்ம ஊர் காபியை வைத்துப் புரிந்துகொண்டேன். தினமும் இரண்டு வேளை டிகிரி காபி குடிப்பவர் ஏகாதசி விரதத்தன்று காபியை விட்டுப் பார்க்கட்டும். சாயந்திரத்துக்குள் மண்டையைப் பிளக்கும். அது புது நோய் இல்லை. பழகியதை உடம்பு தேடுகிறது, அவ்வளவுதான். மூளையும் அப்படித்தான். மாதக்கணக்கில் மருந்தோடு பழகிய மூளையிடமிருந்து அதைச் சட்டென்று பிடுங்கினால் தடுமாறும். பராக்ஸிட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவை உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடுவதால் அவற்றில் இந்தத் தொல்லை அதிகம். ஃப்ளுவாக்ஸிட்டின் வாரக்கணக்கில் மெதுவாக வெளியேறுவதால் அதில் குறைவு.

இது எல்லோருக்கும் வருமா என்றால், இல்லை. ஜெர்மனி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் எழுதினார்கள். மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு ஏதாவது ஒரு தொல்லை வந்தது. வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் நூற்றுக்கு 17 பேர் தொல்லை என்றார்களாம்! பயமும் ஒரு பங்கு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? கடுமையான தொல்லை ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு வந்தது. அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம். சிலருக்கு இது கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கும் என்று இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ராயல் கல்லூரியே 2019-ல் ஏற்றுக்கொண்டது. ஆகவே, பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

மருந்து நின்ற தொல்லையா, நோய் திரும்புகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டரம்மா எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

1. மருந்து நின்ற தொல்லை பெரும்பாலும் சில நாட்களிலேயே வரும். நோய் திரும்புவது வாரம், மாதம் என்று மெதுவாக வரும்.

2. தலைக்குள் ஷாக், தலைசுற்றல், குமட்டல், விசித்திரக் கனவு எல்லாம் மருந்து நின்றதன் அடையாளம். எதிலும் நாட்டமின்மை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு, விடிகாலை விழிப்பு இவையெல்லாம் நோயின் அடையாளம். அழுகையும் எரிச்சலும் இரண்டிலும் வரும்.

3. மருந்தைத் திரும்பக் கொடுத்ததும் ஓரிரு நாளில் சரியானால் அது நோய் அல்ல.

இதற்கு உதவியது என் பால் கணக்கு நோட்டுதான். பின்பக்கத்திலிருந்து தினமும் ஒரே ஒரு வரி எழுதுவேன். தேதி, மாத்திரை அளவு, எத்தனை மணி தூக்கம், தலைசுற்றல் உண்டா, மனசு எப்படி. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நமக்கு எல்லாம் மறந்துபோகும். நோட்டுக்கு மறக்காது.

2021-ல் எனக்கு மருந்தை மாற்றினார்கள். பராக்ஸிட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே ஃப்ளுவாக்ஸிட்டினுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆறு வாரமும் லேசான தலைசுற்றல் இருந்தது. கிணற்றடிக்குத் தனியாகப் போகாதே, அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி வைக்காதே என்று மாமியாரே சொல்லிவிட்டார். மாற்றும் நாட்களில் வீட்டு வேலையை இப்படிக் குறைத்துக்கொள்வதும் வைத்தியம்தான். கல்யாணம், பரீட்சை, அறுவடை என்று வீடு அமளிதுமளிப்படும் நேரத்தில் மாற்றாமல் இருப்பதும் நல்லது.

2022-ல் 20 மில்லிகிராமிலிருந்து பத்தாகக் குறைத்தோம். ஒரு கஷ்டமும் இல்லை. "அப்புறம் என்ன, விட்டுத்தள்ளு! வைராக்கியம் வேணாமா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. மாத்திரையைக் குறைப்பது மகாமகக் குளத்தில் இறங்குவது மாதிரி. மேல்படிகளில் தடதடவென்று இறங்கிவிடலாம். தண்ணீருக்குள் இருக்கும் கடைசிப் படிகளில்தான் பாசி இருக்கும். சிறிய அளவு மருந்தே மூளையில் பெரிய பங்கு வேலை செய்துவிடுகிறதாம். அதனால் இருபதிலிருந்து பத்துக்கு வருவதைவிட, ஐந்திலிருந்து சுழிக்கு வருவது கடினம். கடைசியில் இன்னும் சின்னச் சின்னப் படியாக இறங்க வேண்டும் என்று இப்போதைய மருத்துவம் சொல்கிறது.

அப்படியே டாக்டர் சொன்னபடி படிப்படியாக இறங்கி, 2023 ஆடியில் முழுக்க நிறுத்தினோம். ஆறு வாரம் நன்றாக இருந்தது. ஏழாவது வாரம் நோட்டில் 'மூணு மணிக்கு முழிப்பு' என்ற வரி வந்தது. மறுநாளும் வந்தது. தலைசுற்றல் இல்லை, ஷாக் இல்லை. நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட மனசு வரவில்லை. நோட்டைப் பார்த்த டாக்டரம்மா, "இது நோய்தாம்மா. நல்ல வேளை, ஆரம்பத்துலயே வந்தீங்க" என்று திரும்பவும் பத்து மில்லிகிராம் கொடுத்தார்கள். இன்றும் அதே பத்தில்தான் இருக்கிறேன். இதில் எனக்கு வெட்கமும் இல்லை, தோல்வியும் இல்லை. கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்க முடியவில்லை என்று யாராவது அழுகிறோமா?

அதற்காக எல்லோரும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் பல வருடம் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2021-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் திரும்பியது. மெதுவாக நிறுத்தியவர்களில் 56 பேருக்குத் திரும்பியது. அப்படியென்றால் நிறுத்தியும் 44 பேர் நன்றாகவே இருந்திருக்கிறார்கள்! நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள் என்று எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியாது. டாக்டரோடு சேர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் முறை நோய் வந்தவர்கள் நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை.

இன்னும் சில விஷயங்கள். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கோ" என்று பலர் சொல்வார்கள். உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகும் மருந்துகளில் இப்படிச் செய்தால் ஒருநாள் ஏற்றம், ஒருநாள் இறக்கம் என்று அவஸ்தைதான். சில மாத்திரைகளை உடைத்துச் சாப்பிடக்கூடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் உடைக்க வேண்டும். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் அல்பிரஸோலம், டயஸிபாம் ஆகியவை வேறு வகை. நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். 2014 மார்ச் முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டமே கடுமையாக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் பயந்துபோய்த் தாமாக நிறுத்திவிடாமல் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவே மாட்டேன். மனசுக்குக் காரகன் சந்திரன் என்று மாமியார் என்னைத் திங்களூருக்கு அழைத்துப் போனார். சந்நிதியில் உட்கார்ந்ததில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. மனநோய் தீர்க்கும் தலம் என்று பெயர்பெற்ற திருச்சிப் பக்கத்துக் குணசீலத்திலேயே மனநல மறுவாழ்வு மையம் நடக்கிறது. அங்கே பெருமாள் தீர்த்தமும் உண்டு, டாக்டர் மருந்தும் உண்டு. பெருமாளே மருந்தை வேண்டாம் என்று சொல்லாதபோது நாம் ஏன் சொல்ல வேண்டும்?

மருந்தை மாற்றும்போதும் குறைக்கும்போதும் சிலருக்கு 'இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு எட்டிப்பார்க்கலாம். அதை மறைக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரைப் பட்டை முழுவதையும், வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கவும் வேண்டாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதுகிறது, தண்டிப்பதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் ராப்பகலாக எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. செலவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் முதலில் அரசு மருத்துவமனையில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

சகோதரிகளே, உங்கள் மருமகளோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இந்த மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால், "இன்னும் எத்தன நாளைக்கு?" என்று கேட்காதீர்கள். "மாத்திரை தீர்ந்துபோறதுக்குள்ள வாங்கியாச்சா?" என்று கேளுங்கள். பத்து நாளுக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த பட்டையை வாங்கி வைத்துவிட வேண்டும். மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். அதுவே பாதி வைத்தியம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்.