பாலத்துக்குக் காவல் யார்?

எத்தீரியத்தில் இருந்த ஈத்தரைச் சொலானாவுக்கு மாற்றியதாகவும், வாலட்டில் வேறு ஏதோ டோக்கன் வந்து நிற்பதாகவும், ‘என் ஈத்தர் எங்கே போயிற்று?’ என்றும் கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எங்கும் போகவில்லை ஐயா. எத்தீரியத்திலேயே பூட்டிக் கிடக்கிறது.

ஈத்தர் தன் பிளாக்செயினான எத்தீரியத்தை விட்டு நகரவே நகராது. பிரிட்ஜ் என்கிற பாலம் அதை இங்கே பூட்டிவிட்டு, அங்கே அதே அளவுக்குப் பதிலி டோக்கன் அச்சிட்டுத் தரும். என் அப்பா ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் நிலக்கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு, அந்த ரசீதின் பேரில் கடன் வாங்கி வருவார். மூட்டை உள்ளே இருக்கிறவரைதான் ரசீதுக்கு மரியாதை. பதிலி டோக்கனும் அப்படித்தான். அதை அடமானம் வைக்கலாம், வட்டிக்கு விடலாம். கட்டணம் குறைந்த சங்கிலிகளை, அதாவது வேறு பிளாக்செயின்களை, தேடி ஜனங்கள் பரவியபோது, டீஃபை என்கிற வங்கியில்லா நிதிச் சேவையும் இந்த ரசீதுகளின் மேல் ஏறித்தான் பரவியது.

சிக்கல் எங்கே என்றால், ஒரு சங்கிலியின் கணக்கேட்டுக்கு இன்னொரு சங்கிலியில் நடப்பது தெரியாது. யாராவது சாட்சி சொல்லியாக வேண்டும். ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் பாலத்தில் 9 சாட்சிகள். 5 கையொப்பம் போதும். 2022 மார்ச் 23 அன்று திருடர்கள் கையொப்பமிடும் சாவிகளில் 5ஐக் கைப்பற்றி 1,73,600 ஈத்தரையும் 2.55 கோடி யுஎஸ்டிசி என்கிற டாலர் டோக்கன்களையும் அள்ளிப் போனார்கள். வடகொரியாவின் லாசரஸ் குழு என்றது எஃப்பிஐ. ஒரு பயனர் 5,000 ஈத்தரை எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகுதான், 29ஆம் தேதி, விஷயமே வெளிப்பட்டது. ஆறு நாள் கிடங்கைத் திறந்து பார்க்க ஆளில்லை!

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது நோமாட் பாலத்தின் கதையை. அங்கே சாவி எதுவும் திருடுபோகவில்லை. பாலத்தைக் கடந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் நம்பத்தக்க ஒரு ‘வேர்’ எண்ணோடு பொருத்திப் பார்ப்பது அதன் முறை. யாரும் சரிபார்க்காத செய்திக்கு அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். ஒரு மென்பொருள் மாற்றத்தின்போது பூஜ்யத்தையும் நம்பத்தக்க எண்ணாகப் பதிந்துவிட்டார்கள். அவ்வளவுதான், சரிபார்க்காத செய்தியெல்லாம் சரிபார்த்ததாகிவிட்டது.

2022 ஆகஸ்ட் 1 அன்று யாரோ 100 பிட்காயினுக்கான பதிலி டோக்கன்களை உருவினார். பிளாக்செயினில் எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் அல்லவா? பார்த்தவர்கள் அந்தப் பரிவர்த்தனையை அப்படியே நகலெடுத்து, முகவரியை மட்டும் தங்களுடையதாக மாற்றி அனுப்பினார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சில மணி நேரத்தில் சுமார் 19 கோடி டாலர் காலி. பத்திரப்படுத்தத்தான் எடுத்தோம் என்று சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுப்பவர்கள் 10 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நோமாடே அறிவித்தது.

சங்கிலிகள் பல இருக்கலாம், ஆனால் அவற்றுக்கு இடையே நாணயம் கடத்துவதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் அந்த ஆண்டு ஜனவரியிலேயே எழுதியிருந்தார். யார் கேட்டார்கள்? வட்டி விகிதத்தைக் கொட்டை எழுத்தில் போடும் தளங்கள், பாலத்தின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை ஆவணத்தின் அடியில் புதைத்துவிடுகின்றன. நாமும் தோண்டிப் பார்ப்பதில்லை.

யுஎஸ்டிசிக்கு இப்போது வேறு வழி உண்டு. அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனமே 2023 முதல் ஒரு சங்கிலியில் அழித்து, மறு சங்கிலியில் அசலாகவே அச்சிடுகிறது. கொள்ளையடிக்கப் பூட்டிய குவியல் இல்லை. சர்க்கிளை நம்பியாக வேண்டும், அவ்வளவே.

கடிதம் எழுதிய நண்பருக்கு: சொலானாவில் வேலை முடிந்ததும் அந்தப் பதிலியைக் கொடுத்துவிட்டு ஈத்தரை மீட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், பாலத்தில் எத்தனை கையொப்பம் போதும், அவை யாருடையவை என்று முதலில் பாருங்கள். பதில் கிடைக்காத பாலத்தில் பணம் வைக்காதீர்கள்.