தொடங்கியவர் அழிக்கலாமா?

‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ காலையில் கைப்பேசியைத் திறக்கும்போது குடும்பப் புலனக் குழுவில் இப்படி ஒரு வரி கிடந்தால் போதும். யார் என்ன போட்டார், ஏன் எடுத்தார், யாரைக் குத்திப் போட்டிருப்பார் என்று மதியம் வரை அதே பேச்சுதான். ஒற்றை வரிக்கே இந்தப் பாடு. பலர் சேர்ந்து வாரக்கணக்கில் பேசிய ஓர் உரையாடலை, ‘இதைத் தொடங்கியவன் நான்’ என்ற உரிமையில் ஒருவர் முழுசாகத் துடைத்துவிட்டால் என்ன செய்வது?

இது கற்பனைக் கேள்வி இல்லை. ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். இன்று அங்கே லயன் வீடுகள் கிடையாது; செம்பனையும் ஒரு புதுக் குடியிருப்பும்தான். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மலாக்கா, மூவார், ஜொகூர் பாரு, கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். அவர்களை ஒன்று சேர்த்து வைத்திருப்பது ஒரு சமூக ஊடகக் குழு. எனக்கும் அதில் இடம் உண்டு. வழக்கமாகப் பிறந்தநாள் வாழ்த்து, சாவுச் செய்தி, கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் வரும். ஒருநாள் அறுபதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் ஒரு கேள்வி போட்டார்: “நம்ம தோட்டத்துலேருந்து சயாமுக்குப் போனவங்க யாரு யாரு? தெரிஞ்சவங்க எழுதுங்க.”

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. ‘என் தாத்தா போனார், திரும்பவில்லை.’ ‘எங்கள் பெரியப்பா திரும்பி வந்தார், ஆனால் அதைப் பற்றிச் சாகும் வரை வாய் திறக்கவில்லை.’ ‘மேட்டு லயத்தில் அண்ணன் தம்பி மூவரைப் பிடித்துப் போனார்கள், வந்தது ஒருவர்.’ பேச முடியாத நிலையில் இருந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முணுமுணுத்த பெயர்களைப் பேத்தி தட்டச்சு செய்து போட்டாள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் திருத்தினார். அவரை மூன்றாமவர் திருத்தினார். சில வாரங்களில் இறங்குவரிசையில் படித்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும் அளவுக்குப் பெயர்கள் சேர்ந்துவிட்டன.

பிறகு வேறு விவகாரம் வந்தது. தோட்டம் கைமாறியபோது கோயிலுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம் பற்றிய பழைய புகைச்சல். யாரோ அந்த அண்ணனைச் சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இரவோடு இரவாக அவர் தம் பதிவுகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் குழுவிலிருந்தும் வெளியேறினார். முதல் பதிவை எடுத்தால் அதன் கீழே உள்ள மறுமொழிகள் அத்தனையும் கூடவே போய்விடும் வகையில் அமைந்த தளம் அது. பாட்டி சொன்ன பெயர்கள் உட்பட எல்லாம் போயிற்று. தொலைபேசியில் கேட்டதற்கு அவர் பதில்: “என் பதிவு, நான் எடுத்தேன். யாரைக் கேட்கணும்?”

அங்கே என்ன போயிற்று என்பது சயாம் மரண ரயில் பற்றி அறிந்தவர்களுக்குப் புரியும். 1942-லும் 1943-லும் ஜப்பானியர் போட்ட அந்தப் பாதை 415 கிலோ மீட்டர். அதில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பெயர் பொறித்துப் பராமரிக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு அப்படித் தனித்தனிப் பெயர்க்கல் இல்லை. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதை மலாக்காவில் எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பிரட்டுக்கு நின்று அந்த மரங்களில் பால் வெட்டி, பிறகு லாரி ஏறிப் போனவர்களின் பெயர் கேட்டால், வீட்டுக்கு வீடு ஞாபகத்தைத்தான் தட்ட வேண்டும். அந்த ஞாபகம்தான் அந்த மறுமொழிகளில் இருந்தது.

ஆனாலும் ‘அழிக்கும் உரிமையே கூடாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே குழுவில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்கா, கணவரின் குடிப்பழக்கம் பற்றி மனம் நொந்து எழுதி ஆலோசனை கேட்டிருந்தார். பலர் நல்ல மனதோடு பதில் சொன்னார்கள். இப்போது அவருடைய பிள்ளைகள் இருவரும் அதே குழுவில் இருக்கிறார்கள். கணவரும் குடியை விட்டுவிட்டார். அந்தப் பேச்சு அங்கேயே கிடக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் சொல்வது? அவர் அதை எடுத்தபோது யாரும் வருத்தப்படவில்லை. பதில் எழுதியவர்களே நிம்மதி அடைந்திருப்பார்கள்.

நம் நாட்டில் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, ஒரு வெளியீட்டின் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யார் பெயர் காணப்படுகிறதோ அவரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கிறது. இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். மலேசியாகினி வழக்கு நினைவிருக்கும். வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக, 2021 பிப்ரவரி 19-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. காவல்துறை கூப்பிட்ட 12 நிமிடங்களில் அக்கருத்துகளை அவர்கள் நீக்கியிருந்தார்கள்; அதுவும் போதவில்லை. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது, 2025 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்ந்துவிட்டது. இந்த நிலையில், அலோர் காஜாவில் கடை வைத்திருக்கும் ஒரு குழு நிர்வாகி, சந்தேகமான எதையும் சட்டென்று அழித்துவிடுகிறார் என்றால் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன்.

சரி, மற்ற இடங்களில் இதை எப்படித் தீர்த்திருக்கிறார்கள்? ஸ்பெயினில் ஒருவர், கடனுக்காகத் தம் வீடு ஏலத்துக்கு வந்த 1998-ஆம் ஆண்டு நாளிதழ் அறிவிப்பு, பெயரைத் தேடினால் இணையத்தில் முதலில் வந்து நிற்கிறது என்று முறையிட்டார். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எப்படி என்பதுதான் முக்கியம். கூகுள் தேடலில் பெயரோடு வரும் இணைப்பை எடுக்கச் சொன்னது. நாளிதழின் பக்கம் நாளிதழிலேயே இருந்துகொண்டது. (மறக்கப்பட வேண்டும் என்று வழக்குப் போட்டவரின் பெயர் உலகப் புகழ் பெற்றுவிட்டது. நானாவது அதை எழுதாமல் விடுகிறேன்.)

தமிழ்நாட்டிலும் இதே சிக்கல் வந்தது. குற்றவழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தம் பெயரை மறைக்கக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதலில் அனுதாபத்தோடு பார்த்தாலும், அதற்கான சட்டம் வராமல் செய்ய முடியாது என்று 2021 ஆகஸ்டில் மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை போட்டது. படித்தவர்களே இப்படி மூன்று திசையில் இழுக்கிறார்கள் என்றால் நம் குழு நிர்வாகிகள் திணறுவதில் வியப்பில்லை. ஒன்று கவனியுங்கள்: அங்கே யாரும் தீர்ப்பையே கிழித்துப் போடச் சொல்லவில்லை. பெயரை மறை என்பதுதான் கோரிக்கை.

செயலிகள் தங்களுக்குத் தோன்றியபடி விதி போட்டுக்கொள்கின்றன. புலனத்தில் ‘எல்லாருக்கும் அழி’ 2017-இல் வந்தபோது 7 நிமிட அவகாசம்தான். பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2022 முதல் இரண்டு நாளுக்கும் மேல். அழித்த தடம் மட்டும் நிற்கும். டெலிகிராம் 2019 மார்ச்சில் ஒரு படி தாண்டிப் போனது. தனி உரையாடலில் மற்றவர் எழுதியதையும் இருவர் கைப்பேசியிலிருந்தும் நீங்கள் தடமில்லாமல் அழிக்கலாம். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் எழுதிய கடிதத்தை என் வீட்டுப் பெட்டியிலிருந்து நீங்கள் வந்து எடுத்துப் போவது போல.

எனக்கு நியாயமாகப் படுவது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழி. ஒரு பக்கத்தைத் தொடங்கியவர் அதை நீக்கக் கேட்கலாம். ஆனால் அதில் குறிப்பிடத்தக்க அளவு எழுதியது அவர் ஒருவர் மட்டும் என்றால்தான், அந்தக் கோரிக்கையின் பேரில் உடனே நீக்குவார்கள். மற்றவர்கள் உழைத்திருந்தால் அது அவர் சொத்து இல்லை.

யோசித்துப் பார்த்தால் இது நம் கோயில் கமிட்டிகளுக்குப் புதிதும் இல்லை. பதிவு பெற்ற எந்தச் சங்கத்திலும் கூட்டக் குறிப்பு உண்டு. தீர்மானத்தை முன்மொழிந்தவர் அடுத்த கூட்டத்தில் கோபித்துக்கொண்டு போகலாம். ‘நான் அப்படிச் சொல்லவில்லை, திருத்துங்கள்’ என்று கேட்கலாம். திருத்தமும் குறிப்பில் ஏறும். ஆனால் ‘முன்மொழிந்தவன் நான்’ என்று குறிப்பேட்டின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனால் மெர்லிமாவிலிருந்து மஸ்ஜித் தானா வரை எந்தக் கமிட்டி விடும்? அங்கே முதலில் பேசியவருக்கும் பின்னால் பேசியவருக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆகவே அந்த அண்ணன் தம் கேள்வியை எடுத்திருக்கலாம். தம் பெயரையும் படத்தையும்கூட எடுத்திருக்கலாம். அது அவர் உரிமை, யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி இருந்த இடத்தில் ‘உறுப்பினர் நீக்கிவிட்டார்’ என்று ஒரு வரி நின்றிருக்கும். பாட்டியின் பெயர்ப்பட்டியலை அவர் தொட்டிருக்கக் கூடாது. அக்காவின் விஷயத்தில் மற்றவர்களின் பதில்களும் அவரைப் பற்றியவையே. அவை போவதுதான் முறை. சயாம் விஷயத்தில் பதில்கள் அவரவர் வீட்டைப் பற்றியவை. யார் தொடங்கினார் என்பதைவிட, யாரைப் பற்றியது என்று பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு இரண்டு மூன்று நிர்வாகிகள் சேர்ந்து முடிவு செய்யலாம். ஒருவர் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது.

சட்டத்தை நம்பி இதில் பயனில்லை. நம் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகக் கொடுக்கல் வாங்கலுக்கானது. குடும்ப, வீட்டு விவகாரங்களுக்கு விலக்கு அளிக்கிறது. தளங்களை நம்பியும் பயனில்லை. சுங்கைப் பட்டாணி மருத்துவர் ஜெயபாரதி நடத்திய ‘அகத்தியர்’ போன்ற தமிழ்க் குழுமங்கள் யாஹூவில் ஆண்டுக்கணக்கில் பேசின. 2019 அக்டோபரில் யாஹூ ஓர் அறிவிப்பு விட்டது. சில மாதங்களில் குழுமங்களின் பழைய பேச்சு தளத்திலிருந்து போயிற்று. 2020 டிசம்பரில் குழுமங்களே மூடப்பட்டன. எந்த உறுப்பினரும் கோபித்துக்கொள்ளவில்லை, யாரும் யாரையும் சுருக்கென்று பேசவில்லை.

எங்கள் குழுவில் இப்போது மறுபடி சேகரிக்கிறார்கள். ஒரு தம்பி, முன்பு எடுத்து வைத்திருந்த சில ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து பெயர்களை எடுத்து எழுதியிருக்கிறான். மற்றவர்களைப் புதிதாகக் கேட்கிறான். இந்த முறை இணையத்தில் இல்லை. நீள அட்டை போட்ட கணக்குப் புத்தகத்தில், பெயர், தகப்பனார் பெயர், லயம், சொன்னவர் யார் என்று நான்கு பத்தி போட்டு எழுதுகிறான். மூன்று நகல் எடுத்து மூன்று வீட்டில் வைக்கப் போகிறார்களாம். பாட்டி இறந்துவிட்டார். அவர் சொன்னவற்றில் நான்கு பெயர்தான் பேத்திக்கு நினைவிருக்கிறது. அந்த அண்ணனுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய சித்தப்பாவும் சயாமுக்குப் போனவர்.