நின்றுபோன என்ஜின்கள் மீண்டும் கூவுமா?

கனடா நாட்டு நீராவி ரெயில்களின் கதை

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ந் தேதி. கனடா நாட்டில் உள்ள கால்கரி நகரில் இருந்து ஒரு ரெயில் புறப்பட்டது. அதன் முன்னால் நின்றது டீசல் என்ஜின் அல்ல. மின்சார என்ஜினும் அல்ல. குப்குப் என்று நீராவியைக் கக்கிக்கொண்டு, "கூ" என்று கூவிக்கொண்டு வந்தது ஒரு பழைய நீராவி என்ஜின்!

அதன் எண் 2816. செல்லப் பெயர் "பேரரசி". பிறந்த ஆண்டு 1930. அதாவது, அன்று அதற்கு வயது 93.

இந்தக் கிழவி எங்கே போனாள் தெரியுமா? கனடாவில் புறப்பட்டு, அமெரிக்காவைக் கடந்து, மெக்சிகோ நாட்டின் தலைநகர் வரை போனாள். ஜூன் மாதம் அங்கே போய்ச் சேர்ந்தாள். ஜூலை மாதம் ஊர் திரும்பினாள். வழி நெடுகிலும் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள்.

பேரரசிக்கு இத்தனை யோகம். அவளுடன் பிறந்தவர்களின் கதி என்ன?

65-ல் ஐந்து

கனடிய பசிபிக் ரெயில்வே என்பது அந்த நாட்டின் பெரிய ரெயில் கம்பெனி. 1929-ம் ஆண்டு முதல் 1940-ம் ஆண்டு வரை, மாண்ட்ரீல் நகரத் தொழிற்சாலையில் அது ஒரே வகையில் 65 என்ஜின்களைச் செய்து வாங்கியது. "ஹட்சன்" என்று அந்த வகைக்குப் பெயர். பெரிய சக்கரம் ஒவ்வொன்றும் 6 அடி 3 அங்குலம் உயரம். வாட்டசாட்டமான ஆள் பக்கத்தில் நின்றாலும் சக்கரம் அவர் தலைக்கு மேலே இருக்கும்!

1939-ம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், ராணியுடன் கனடாவுக்கு வந்தார். அரச தம்பதியின் ரெயிலை கியூபெக்கில் இருந்து வான்கூவர் வரை 2850 என்ற எண்ணுள்ள ஹட்சன் என்ஜின் இழுத்தது. தூரம் 3 ஆயிரம் மைலுக்கு மேல். வழியில் எங்கும் வேறு என்ஜின் மாற்றவில்லை. அதன் பிறகு இந்த வகையில் 45 என்ஜின்களுக்கு "ராஜ ஹட்சன்" என்ற பெயர் கிடைத்தது. பக்கவாட்டில் கிரீடச் சின்னமும் ஏறியது.

ஆனால் கிரீடம் அவற்றைக் காப்பாற்றவில்லை. டீசல் என்ஜின் வந்தது. அதற்குத் தண்ணீர் வேண்டாம்; கரி அள்ளிப் போட ஆள் வேண்டாம். 1960-ம் ஆண்டோடு கனடாவின் பெரிய ரெயில் கம்பெனிகளில் நீராவியின் ஆட்சி முடிந்தது. என்ஜின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின.

65 ஹட்சன்களில் இன்று மிஞ்சி இருப்பவை ஐந்தே ஐந்து. மன்னரை ஏற்றிச் சென்ற 2850, மாண்ட்ரீல் அருகே செயின்ட் கான்ஸ்டன்ட் ரெயில் மியூசியத்தில் இருக்கிறது. 2858, தலைநகர் ஒட்டாவாவில் உள்ள மியூசியத்தில். 2839, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில். 2860, மேற்குக் கரையில் ஸ்குவாமிஷ் என்ற ஊரில். ஐந்தாவதுதான் நமது பேரரசி.

பூங்காவில் நிறுத்தினால் போதுமா?

நீராவி ரெயில் நின்றபோது, "ஞாபகத்துக்கு ஒன்று இருக்கட்டும்" என்று பல ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு என்ஜினைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பூங்காவில் நிறுத்தினார்கள். சுற்றிலும் வேலி போட்டார்கள். கறுப்பு வர்ணம் பூசினார்கள். காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார்கள்.

ஆனால் என்ஜினுக்கு எமன் அங்கேதான் இருந்தான். அவன் பெயர் மழை!

நீராவி என்ஜினின் உயிர் அதன் பாய்லர். சூடு வெளியே போகாமல் இருக்க, பாய்லரைச் சுற்றிக் கெட்டியான போர்வை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அதைக் கல்நாரில் செய்தார்கள். போர்வைக்கு மேலே மெல்லிய தகடு. வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரிவது இந்தத் தகடுதான். வர்ணம் பூசுவதும் இதற்குத்தான்.

தகட்டின் இடுக்கு வழியே மழை நீரும் பனி நீரும் உள்ளே இறங்கும். போர்வை அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்துணியை இரும்புப் பெட்டியின் மேல் போட்டு வைத்தால் என்ன ஆகும்? அதேதான் பாய்லருக்கும் ஆகும். வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே துரு தின்னும். கனடாவின் குளிரோ கடுமையானது. குழாயில் தண்ணீர் தங்கி இருந்தால் அது பனிக்கட்டியாக உறைந்து, விரிந்து, இரும்பையே பிளந்துவிடும்.

கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆகவே பழைய என்ஜினைப் பிரிக்க வேண்டுமானால், முதலில் அந்தப் போர்வையை அதற்குரிய பாதுகாப்போடு அகற்ற வேண்டும். செலவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பாய்லருக்கு வைத்தியம்

வைத்தியர் நாடி பார்ப்பது போல, என்ஜினுக்கும் நாடி பார்க்கிறார்கள். ஒலி அலைக் கருவியைப் பாய்லரின் மேல் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் தகடு எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும்.

பாய்லருக்குள்ளே நீளமான குழாய்கள் பல உண்டு. நெருப்பின் சூடு அவற்றின் வழியேதான் ஓடும். அவற்றை உருவி எடுத்துப் புதியவை போட வேண்டும். நெருப்பு அறையின் உள்சுவரையும் வெளிச்சுவரையும் பிணைக்கும் இரும்புத் தண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு பாய்லர் நிறையத் தண்ணீர் ஊற்றி, வழக்கமான அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். எங்கும் கசியாவிட்டால்தான் நெருப்பு மூட்டலாம். இதில் அலட்சியம் கூடாது. ஹட்சன் என்ஜினின் பாய்லரில் சதுர அங்குலத்துக்கு 275 பவுண்டு அழுத்தம். பாய்லர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது.

உதிரிப் பாகம் கடையில் கிடைக்குமா? கிடைக்காது. அந்தத் தொழிற்சாலைகளே இன்று இல்லை. தேய்ந்துபோனதை அளந்து, அச்சுச் செய்து, புதிதாக வார்க்க வேண்டும்.

பேரரசி பிழைத்தது எப்படி?

பேரரசியும் 1960-ல் வேலையில் இருந்து நின்றவள்தான். 1964-ல் அமெரிக்காவில் பழைய என்ஜின்களைச் சேர்த்து வைத்த ஒரு செல்வர் வாங்கினார். முதலில் வெர்மான்ட் மாநிலம், பிறகு பென்சில்வேனியா மாநிலம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் கிடந்தாள்.

1998-ல் கனடிய பசிபிக் கம்பெனியே அவளைத் திரும்ப விலைக்கு வாங்கியது. வான்கூவர் பக்கம் கொண்டுபோய், கழற்றி, பழுது பார்த்து, நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரியும்படி மாற்றினார்கள். 2001-ல் மீண்டும் ஓடினாள். 2012-ல் மறுபடி நிறுத்தப்பட்டாள். மறுபடி பழுது பார்க்கப்பட்டு, 2024-ல் மெக்சிகோ வரை போனாள்.

சொந்தக்காரரிடம் பணமும் இருந்தது, பட்டறையும் இருந்தது, தண்டவாளமும் இருந்தது. அதனால் பேரரசி பிழைத்தாள். எல்லா என்ஜினுக்கும் அப்படிச் சொந்தக்காரர் வாய்ப்பாரா?

காத்திருக்கும் இருவர்

பேரரசியின் தங்கை 2860, 1974-ம் ஆண்டு முதல் 1999-ம் ஆண்டு வரை வடக்கு வான்கூவரில் இருந்து ஸ்குவாமிஷ் வரை கடலோரமாகச் சுற்றுலா ரெயிலை இழுத்தாள். பெரிய பழுது வந்ததும் நிறுத்தினார்கள். தொண்டர்கள் பாடுபட்டு 2006-ல் மீண்டும் ஓட வைத்தார்கள். சில ஆண்டுகளில் மறுபடி ஓட்டம் நின்றது. இப்போது ஸ்குவாமிஷ் மியூசியத்தில் கூரையின் கீழ் நிற்கிறாள். மறுபடி ஓட வேண்டுமானால் பாய்லரில் பெரிய வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று 6060. இது கனடிய நேஷனல் ரெயில்வேயின் என்ஜின். 1944-ல் பிறந்தது. கூம்பு வடிவ மூக்கு. நம் ஊரில் முன்பு எக்ஸ்பிரஸ் ரெயில்களை இழுத்த "டபிள்யூ.பி." என்ஜினின் மூக்கு நினைவிருக்கிறதா? அதே ஜாடை! அந்த டபிள்யூ.பி. என்ஜின்களிலும் ஒரு பகுதி கனடாவில் செய்து கப்பலில் வந்தவைதான்.

6060 ஜாஸ்பர் என்ற மலையூரில் பல ஆண்டுகள் காட்சிக்கு நின்றது. 1970-களில் உயிர் பெற்று ஓடியது. பிறகு ஆல்பர்ட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தொண்டர்கள் அதைப் பிரித்து வைத்துப் பழுது பார்க்கும் வேலையில் இறங்கினார்கள். நன்கொடை வரும் வேகத்தில்தான் வேலை நடக்கும். வேலை தெரிந்த கைகளோ குறைந்துகொண்டே போகின்றன. 1960-ல் 20 வயது பயர்மேனாக இருந்தவருக்கு இன்று 80 வயது தாண்டியிருக்கும். பணத்தை நாளைக்கும் திரட்டலாம். அவர் கைத்திறனை நாளைக்குத் திரட்ட முடியுமா?

இருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியது இல்லை. கம்லூப்ஸ் என்ற ஊரில் 2141 என்ற என்ஜின் 1961-ல் பூங்காவுக்குப் போனது. ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்து அதைச் சீர்செய்தார்கள். 2002-ல் அது மீண்டும் ரெயில் இழுத்தது!

ஓடாவிட்டாலும் வாழலாம்

வான்கூவர் நகருக்கு, கனடாவைக் கடந்து வந்த முதல் பயணிகள் ரெயிலைக் கொண்டுவந்த என்ஜின் 374. வந்து சேர்ந்த நாள் 1887-ம் ஆண்டு மே 23. 1945-ல் அதை நகரத்துக்குக் கொடுத்தார்கள். நகரம் அதைக் கடற்கரைப் பூங்காவில் நிறுத்தியது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் உப்புக்காற்றும் மழையும் அதை அரித்தன.

1986-ல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காகத் தொண்டர்கள் 374-ஐப் பூங்காவில் இருந்து மீட்டுச் சீராக்கினார்கள். இன்று அது கண்ணாடி மண்டபத்துக்குள் நிற்கிறது. நெருப்பு மூட்டவில்லை; ஓடவும் இல்லை. ஆனால் நனையவில்லை.

இன்னும் பழையது ஒன்று உண்டு. "சாம்சன்" என்று பெயர். இங்கிலாந்தில் 1838-ல் செய்தது. கனடாவின் கீழ்க்கரையில் ஸ்டெல்லார்டன் என்ற ஊரில், மியூசியத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைவிட நூறு வயது இளைய என்ஜின்கள் பூங்காக்களில் துருப்பிடிக்கின்றன!

எல்லா என்ஜினையும் ஓட்ட முடியாது. அதற்குப் பணமும் இல்லை; ஆளும் இல்லை. ஆனால் ஒரு கூரை போடலாம். இன்று கூரை போட்டு வைத்தால், நாளை வரும் ஒரு தலைமுறை நெருப்பு மூட்டிக்கொள்ளும். இன்று நனையவிட்டால், நாளை பணம் வந்தாலும் பாய்லர் இருக்காது.