மோட்டார் சைக்கிளின் பாட்டரியும் தீப்பொறியும்

சென்ற தணிக்கையின்போது குடியாத்தம் வட்டாரத்து நெசவாளர் சங்க அங்கத்தினர் ஒருவர் மூன்று ரசீதுகளை என் முன் வைத்தார். மூன்றும் ஓராண்டிற்குள் தம் மோட்டார் சைக்கிளுக்கு அவர் வாங்கிய பாட்டரிகளுக்கானவை. "கடன் தவணை தவறியதற்கு இவைதாம் காரணம், ஐயா" என்றார். சங்கத்திலிருந்து நூல் எடுத்துச் செல்லவும், நெய்த லுங்கிகளைக் கொண்டு வந்து ஒப்படைக்கவும் அவருக்கு உள்ளது ஒரு பழைய புல்லட் வண்டியே. அதை ஓட்டிப் பார்த்ததில், மூன்று பாட்டரிகளுமே குற்றமற்றவை என்பது தெரிய வந்தது.

பாட்டரியைச் சேமிப்புக் கணக்கு எனக் கொள்ளலாம். விளக்கு, ஹாரன், தீப்பொறி யாவும் அதிலிருந்து எடுக்கும் செலவு. எஞ்சின் சுழலும்போது அதனுடன் சுழலும் காந்தமும், அதை அடுத்துள்ள கம்பிச் சுருள்களும் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. அது மாறுதிசை மின்சாரம். ரெக்டிபையர் அதை ஒரே திசையில் திருப்பிப் பாட்டரிக்கு அனுப்புகிறது, இதுவே வரவு. வரவு நின்றுவிட்ட பின்னர்ப் புதிய கணக்குத் திறப்பதால் யாது பயன்? அதனினும் கேடானது, வெறுமையாகவே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகி, நல்ல பாட்டரியும் சில மாதங்களில் உண்மையிலேயே கெட்டுவிடும் என்பது.

ஆகவே முதலில் தெளிய வேண்டுவது, நம் வண்டியின் தீப்பொறி எங்கிருந்து பிறக்கிறது என்பதாகும். 1980-ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற பழைய மொபெட்டுகளில் மாக்னெட்டோவே தீப்பொறியைத் தந்துவிடும், பாட்டரியை எதிர்பாராது. 1955 முதல் சென்னையில் செய்யப்பட்டு வந்த புல்லட்டின் பழைய மாதிரிகளில், பாயிண்டும் காயிலும் உள்ளவை பாட்டரியையே நம்பியிருப்பவை. அவற்றில் பாட்டரி இறங்கினால் வண்டியும் நின்றுவிடும். இவ்வகையில் வண்டி கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுமுன் ஹாரனை அழுத்திப் பார்த்தல் நன்று. ஹாரன் முனகினால் வரவுப் பக்கத்தையும், உரக்க ஒலித்தால் தீப்பொறிப் பக்கத்தையும் ஆராய வேண்டும்.

அந்தப் பழைய புல்லட்டுகளில் முன்விளக்கின் மேற்புறத்தில் ஒரு சிறு ஆம்பியர் மீட்டர் உண்டு. எஞ்சின் வேகம் கூடும்போது முள் வலப்புறம் சாய்ந்தால் வரவு உள்ளது. இடப்புறமே நின்றால் செலவு மாத்திரம் நடக்கிறது என்று பொருள். வண்டி வைத்திருப்போரில் பெரும்பாலோர் அதை அழகுக்கு வைத்த பொருளென்றே எண்ணுகின்றனர். மீட்டர் இல்லாத வண்டியில் சாதாரண வோல்ட் மீட்டர் போதும். 12 வோல்ட் பாட்டரி நன்கு நிறைந்து ஓய்விலிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டால் அது 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயரவே இல்லையென்றால் வரவு இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரி நீர் கொதித்து வற்றுகிறது.

வரவு இல்லையென்றவுடன் சுருளைக் கழற்ற முற்படுவது வீண்செலவு. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்துப் பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துரு ஏறியுள்ளது. நமது பகுதியில் இதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. வேலூர், ஆம்பூர், பேர்ணாம்பட்டு வட்டாரங்களில் பச்சைத் தோல் உப்பிட்டே கொண்டு செல்லப்படுகிறது. தோற்கட்டு ஏற்றிய வண்டியில் உப்புநீர் வடிந்து திருகுகளையும் கம்பி முனைகளையும் அரித்துவிடும். தோல் பதனிடுமிடத்துச் சல்பைடு வாயுவோ செம்பைக் கறுக்கச் செய்வது. பழைய வண்டி வாங்குவோர், முன்பு அதில் என்ன ஏற்றினார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

பாட்டரிக்கு ஊற்றும் நீரிலும் கவனம் வேண்டும். பாலாற்றுக் கரைக் கிணறுகளைத் தோல் கழிவு எவ்வளவு கெடுத்தது என்பதற்கு 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சான்று. அந்நீரில் ஒரு குவளையை ஊற்றினாலும் தகடுகள் பாழாகும். வாலைவடி நீரைத் தவிர வேறெதுவும் கூடாது.

எர்த் சரியாக இருந்தும் வரவு இல்லையெனில், மூன்று கம்பிகள் உள்ள சுருளில் எஞ்சின் ஓடும்போது எந்த இரண்டிற்கும் இடையே சமமான வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் சுருள் கெட்டுள்ளது; மூன்றும் சமமானால் சந்தேகம் ரெக்டிபையரின் மேல் விழுகிறது. எஞ்சின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றி, 'நிற்காமல் ஓடுகிறது, ஆகவே டைனமோ நன்று' எனச் சிலர் காட்டுவதுண்டு. இதை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். தாங்க ஆளில்லாத மின்னழுத்தம் ஏறி, பல்பும் ரெகுலேட்டரும் ஒரு நொடியில் போய்விடும்.

தீப்பொறிப் பக்கம் எளிது. பிளக்கைக் கழற்றி, தொப்பியில் பொருத்தி, அதன் உடம்பு எஞ்சினை நன்கு தொடுமாறு வைத்துக் கிக்கரை மிதித்தால் நீலநிறப் பொறி தடித்து வர வேண்டும். பெட்ரோல் வாடை அருகில் இருத்தலாகாது. பொறி மஞ்சளாக மெலிந்தால் பாயிண்டைத் திறந்து பாருங்கள். புல்லட்டில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். முகங்கள் கரிந்து குழி விழுந்திருந்தால் கண்டன்சரை மாற்றாமல் பாயிண்டை மட்டும் மாற்றுவது பயன்தராது. குளிர்ந்திருக்கையில் கிளம்பி, பத்து மைல் போனதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பும் வண்டியில் பெரும்பாலும் காயிலோ கண்டன்சரோ சூட்டில் தோற்கிறது.

2020 ஏப்ரல் முதல் வந்துள்ள புதிய விதிக்கு ஏற்ப, பெட்ரோலை மின்பம்பு மூலம் செலுத்தும் வண்டிகளே இப்போது பெரும்பாலும் விற்பனையாகின்றன. இவற்றில் பிளக்கை எர்த் இல்லாமல் தொங்கவிட்டுச் சோதித்தால் விலையுயர்ந்த மின்னணுப் பெட்டியே கெடும். இவற்றைத் தகுந்த கருவி உள்ள பட்டறையில் காட்டுவதே சிக்கனம்.

நம் அங்கத்தினரின் வண்டியை முன்பு வைத்திருந்தவர் பேர்ணாம்பட்டுக்குத் தோல் ஏற்றியவராம். ரெக்டிபையரைச் சட்டத்துடன் பிணைக்கும் திருகின் அடியில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சிறிது வாசலின் தடவி இறுக்கியதும் மீட்டரின் முள் வலப்பக்கம் சாய்ந்தது. செலவு ஓர் உப்புத்தாள். முதலிரண்டு பாட்டரிகளையும் கடைக்காரர் பழைய ஈயத்தின் விலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். மூன்றாவது இன்னும் வண்டியில் இருக்கிறது.