அந்த வாசல் நம்முடையது

இமையத்தின் இரண்டு நூல்களை இந்த மாதம் அடுத்தடுத்துப் படித்தேன். ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்த நாவல். தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமான மறு வருடம். பேச்செல்லாம் நம் பக்கத்துப் பேச்சுதான்.

ஆரோக்கியம் புதிரை வண்ணார் பெண். காலனியின் அழுக்குத் துணியை வெளுப்பாள், பிரசவம் பார்ப்பாள், சாவு வீட்டிலும் களத்துமேட்டிலும் ஓடுவாள். பொழுது சாய்ந்தால் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்க வேண்டும். அவள் சோற்றுக்காக வாசலில் நிற்கிற பக்கங்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வாசல் ஊர்த்தெருவினுடையது அல்ல, நம்முடையது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று அப்போது தலித் வட்டத்திலேயே எதிர்ப்பு வந்தது. சொல்லத்தான் வேண்டும் என்பேன். ஊர்க்காரன் நம்மை நிறுத்திய இடத்தில் நாம் இன்னொருவரை நிறுத்தியிருக்கிறோமே!

‘பெத்தவன்’ சின்னப் புத்தகம். தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொல்லச் சொல்கிறது ஊர். தகப்பனோ அவளை அனுப்பிவிட்டுத் தான் சாகிறான். அது வெளிவந்த 2012இல்தான், நவம்பர் 7ஆம் தேதி, தருமபுரி நத்தம் காலனி எரிந்தது.

மாணவர்கள் ‘பெத்தவ’னைத் தேடிப் படித்துவிடுவார்கள். ஆரோக்கியத்தை முதலில் படியுங்கள் என்கிறேன். புதிரை வண்ணார் பெயர் பட்டியலில் இருந்தும், சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. உங்கள் காலனிக் கடைசி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.