அப்பாவோட ஏடிஎம் கார்டை வாங்கி வைக்கிறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியைக் கேளுங்க



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாம் நிறைய பேசிட்டோம். இன்னிக்கு நம்ம யாரும் எக்செல் ஷீட்ல போடாத ஒரு ரிஸ்க்கைப் பத்திப் பேசுவோம். அது அப்பா அம்மாவோட மறதி.

என் பெரியப்பா திருமங்கலம் பக்கம் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். மதுரையில சொந்த வீடு, மாசாமாசம் பென்ஷன், வயசு 71. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனா கத்திரிக்காய்க்கு அஞ்சு ரூபா குறைச்சுப் பேசாம வரமாட்டார். மீதிச் சில்லறையை எண்ணித்தான் பையில போடுவார்.

அதே மனுஷன் 4 லட்ச ரூபாய் எஃப்டியை முடிச்சிட்டு, வருஷம் 1 லட்சம் வீதம் 10 வருஷம் கட்ட வேண்டிய ஒரு பாலிசியில கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டா, "எஃப்டியைத்தானேப்பா புதுப்பிச்சேன்"னு சொல்றார். எங்களுக்குத் தெரியவந்தப்போ 7 மாசம் ஓடிப்போச்சு. பாலிசியைத் திருப்பிக் கொடுக்கிற ஃப்ரீ லுக் காலமும் முடிஞ்சிருந்தது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, ஆரம்பநிலை டிமென்ஷியான்னு சொன்னாங்க.

பெங்களூர்ல இருந்து பதறி ஓடி வந்த அண்ணன் கார்டு, பாஸ்புக், செக்புக் எல்லாத்தையும் வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டார். அன்னிக்கு ராத்திரி பெரியப்பா சாப்பிடல. "என் பென்ஷன் காசுல ஒரு டீ குடிக்கக்கூட உன்கிட்ட கை நீட்டணுமா?"ன்னு மட்டும் கேட்டார்.

அண்ணன் செஞ்சது தப்பா? பணத்தைக் காப்பாத்தணும்கிற நோக்கம் சரி. ஆனா வழி தப்பு. ஏன்னு பார்ப்போம்.

மறதி முதல்ல பாஸ்புக்லதான் தெரியும்

இந்தியாவில 60 வயசுக்கு மேல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம்னு 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுது. அதாவது 100 பேருக்கு 7 பேருக்கு மேல. அமெரிக்காவில 2020-ல் வந்த இன்னொரு ஆய்வுல, நோய் கண்டுபிடிக்கறதுக்கு 6 வருஷம் முன்னாடியே சிலர் பில் கட்டத் தவற ஆரம்பிச்சது தெரிஞ்சது. பேரை மறக்கிறதுக்கு முன்னாடியே கணக்கு தடுமாறலாம்.

கரண்ட் பில் ரெண்டு தடவை கட்டுறது, ஒரே மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்குறது, புதுசா ஒரு பாலிசி முளைக்கிறது, யாருக்கோ அடிக்கடி ஜிபே போறது. இதெல்லாம் தொடர்ந்து நடந்தா கவனிங்க. எல்லா மறதியும் டிமென்ஷியா இல்லை. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு இதுலயும் மறதி வரும், அதைச் சரி பண்ணவும் முடியும். அதனால முதல்ல டாக்டரைப் பாருங்க. மதுரைன்னா அரசு ராஜாஜி மருத்துவமனையிலயே நரம்பியல், மனநலம் ரெண்டு பிரிவும் இருக்கு.

முடிவெடுக்கும் திறன் லைட் சுவிட்ச் இல்லை

டிமென்ஷியான்னு சீட்டு எழுதின நிமிஷமே எல்லாத் திறனும் அணைஞ்சு போயிடாது. காய்கறி வாங்குற முடிவு வேற, 10 வருஷ பாலிசி வேற. அமெரிக்காவில ஜேசன் கார்லவிஷ் என்கிற டாக்டரோட குழு, அன்றாட முடிவுகளுக்கான திறனைச் சோதிக்க 2008-ல் ஒரு முறையை வெளியிட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா அது நாலு கேள்வி:

1. புரியுதா? விஷயத்தை அவரோட சொந்த வார்த்தையில திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.
2. தனக்குப் பொருந்தும்னு தெரியுதா? "இந்தப் பிரச்சினை உங்களுக்கு இருக்குன்னு நினைக்கிறீங்களா?"
3. ஒப்பிட முடியுதா? "இது நல்லதா, அது நல்லதா? ஏன்?"
4. ஒரு முடிவைச் சொல்ல முடியுதா? கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாலும் அதையே சொல்றாரா?

இது டாக்டர் சோதனைக்கு மாற்று இல்லை. ஆனா வீட்டுல பேச்சை ஆரம்பிக்க நல்ல வழி. பெரியப்பாகிட்ட கேட்டுப் பார்த்தோம். மாசச் செலவு, மளிகை, பேரனுக்குப் பிறந்தநாள் பணம், நாலுக்கும் தெளிவா பதில் வந்தது. பாலிசி பேச்சு வந்தப்போ முதல் கேள்வியிலயே தடுமாறினார்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. நமக்குப் பிடிக்காத முடிவு எடுத்தா திறன் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. சிகிச்சை முடிவுகளைப் பொறுத்து 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே இதைச் சொல்லுது. பணத்துக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

"பவர் எழுதி வாங்கிட்டோம், கவலையில்ல"ன்னு நினைக்கிறீங்களா?

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201 படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தா அந்த அதிகாரம் முடிஞ்சு போயிடும். எப்போ தேவையோ அப்போ பவர் பத்திரம் கைகொடுக்காது. அதுக்கப்புறம் கோர்ட்டுதான். 2024-ல் கோமாவில இருந்த கணவரோட சொத்தை விற்க ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. தனி நீதிபதி மறுத்து, அப்பீல்லதான் அவங்களைக் காப்பாளரா நியமிச்சாங்க.

அதே சட்டத்தோட பிரிவு 12 நமக்குச் சாதகம். கையெழுத்துப் போடுற நேரத்துல விஷயம் புரிஞ்சு, தனக்கு நல்லதா கெட்டதான்னு யோசிக்க முடியுதாங்கறதுதான் அளவுகோல். அதனால ஆரம்ப நிலை என்பது கதவு இன்னும் திறந்திருக்கிற நேரம்.

இப்பவே செய்ய வேண்டியது

- எல்லா எஃப்டி, பிஎஃப், பாலிசிக்கும் நாமினி இருக்கான்னு பாருங்க.
- அவர் சம்மதத்தோட முக்கியக் கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" முறையில ஜாயின்ட் ஆக்குங்க. அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பி எல்லாருக்கும் சொல்லிட்டே செய்யுங்க. வரவு செலவை குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க.
- அவருக்குன்னு ஒரு சின்ன கணக்கு, அவர் கையிலயே கார்டு. பெரிய தொகைக்கு உங்க போனுக்கும் அலெர்ட்.
- உயில் எழுதணும்னா இப்பவே. அன்றைய தேதியில டாக்டர் சான்றிதழும் வாங்கி வச்சுக்கோங்க.
- புது பாலிசி வந்தா உடனே பாருங்க. ஃப்ரீ லுக் காலம் இப்போ 30 நாள்.
- ஆன்லைன்ல ஏமாந்தா உடனே 1930. முதியோர் உதவி எண் 14567.

பெரியப்பா கதை எப்படி முடிஞ்சுதுன்னா, கட்டின 1 லட்சம் போனது போனதுதான். மீதி இருந்த பணம் அவரும் பெரியம்மாவும் சேர்ந்த கணக்குல புது எஃப்டியா இருக்கு. பென்ஷன்ல மாசம் 8,000 அவரோட தனிக் கணக்குக்குப் போகுது, அந்த கார்டு அவர் சட்டைப் பையிலதான் இருக்கு. போன வாரம் என்னைக் கூட்டிட்டுப் போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். காசு அவர்தான் கொடுத்தார். மீதிச் சில்லறையையும் எண்ணித்தான் வாங்கினார்.

அடுத்த தடவை ஊருக்கு பஸ் ஏறும்போது அப்பா பாஸ்புக்கைப் பார்க்கணும்னு முடிவு பண்ணுங்க. ஆனா பீரோ சாவியைக் கேட்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, "அப்பா, இதை எனக்குக் கொஞ்சம் விளக்குங்களேன்"னு கேளுங்க.